ரேவதிக்கு ஒரு மலை

எங்கள் தெருவில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சேலம் வரை போனவர்கள் உண்டு, கோலார் வரை போனவர்களும் உண்டு. மகளுக்கு மலை பார்க்கப் போனவன் நான் ஒருவன்தான்.

ரேவதிக்கு இருபத்தொன்பது வயது. பனிச்சரிவில் ஒரே பலகையின்மேல் நின்றபடி இறங்கும் ஸ்னோபோர்டிங் அவளுடைய விளையாட்டு. இப்போது அதுவே தொழிலாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது. ஓசூரில் பிறந்தவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பதினான்கு வயதில், தளி ரோட்டுப் பக்கம் மனை போட்டு வீடு வராமல் கிடந்த புதுத் தார்ச்சாலையில் சக்கரப் பலகை ஓட்டிப் பழகினாள். பிறகு டிசைன் வேலைக்கு ஜப்பான் போனாள். வடக்கே ஒரு பனி ஊரில் ஆறு வருடம். சனி ஞாயிறு போக வேறு இடமில்லை, மலைக்குப் போனேன் என்பாள். ஐந்தாவது வருடம் மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் சான்றிதழே வாங்கிவிட்டாள்.

அடுத்தது மலை வழிகாட்டிப் பயிற்சி. அதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே மலையில், கைதேர்ந்தவர்கள் மட்டும் இறங்கக்கூடிய சரிவுகளில் இருக்க வேண்டுமாம். ஜார்ஜியா நாட்டில் மூன்று இடங்கள் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தன. நேரில் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரிவு பார்க்க அவளுக்குத் தெரியும். நான் எதற்கு? போன வருடம் ஜப்பானில் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்ததை எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாள். அன்றிலிருந்து என் மனைவி மாதம்மா ஒரே பிடியாக இருந்தாள்: அப்பா கூட வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. நான் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். பனியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பார்த்ததுதான்.

கிளம்புகிற காலையில் ரேவதி பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாதம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏங்க, நல்லா சுத்திப் பாருங்க. பாத்துட்டு மூணுமே வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னா சண்டைக்கு வர்றா. நீங்க சொன்னா கேப்பா."

"பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல. சொல்லணும்."

தலையாட்டினேன். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இறங்கிய முதல் நாள் எனக்கு நினைவிருப்பது ரொட்டி. தெருவோரத்தில் ஒரு நிலவறை. உள்ளே கிணறு மாதிரி ஒரு மண் அடுப்பு. அதன் சுவரில் மாவை அறைந்து ஒட்டிச் சுட்டுக் கொடுத்தார் ஒரு பெரியவர். ஒரு முழம் நீளம். சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். குளிர், நம் ஊர் மார்கழி மாதிரி சில்லென்று இல்லை. அறைவது மாதிரி இருந்தது. அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாள் என் காலைப் பார்த்தார். கம்பெனி சேஃப்டி ஷூவைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போய் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டு, காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். "மத்லோபா" என்று சொல்லச் சொன்னாள் ரேவதி. நன்றி என்று அர்த்தம். அந்த மொழியில் நான் கற்ற முதல் சொல் அது. பத்து நாளில் வேறு சொல் அதிகம் தேவைப்படவில்லை.

முதல் மலைக்கு மினி வேனில் போனோம். பதினெட்டுப் பேர், அவர்களுடைய மூட்டைகள், ஒரு கூடைக் கோழி. நம் கெலமங்கலம் டவுன் பஸ்ஸை இன்னும் கொஞ்சம் அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பாதி ஏற்றத்தில் டயரில் மாட்டியிருந்த இரும்புச் சங்கிலி அறுந்து, வண்டி பின்னால் வழுக்கத் தொடங்கியது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்து, யாரையோ நீளமாகத் திட்டினார்.

"என்னா சொல்றாரு?"

"செஞ்சவன் வீட்டுக்கே அத அனுப்பணும்னு சொல்றாராம்ப்பா," என்று பக்கத்தில் இருந்த மாணவியிடம் கேட்டுச் சொன்னாள் ரேவதி.

என் பெட்டியில் கட்டிங் பிளேயரும் கொஞ்சம் கம்பியும் எப்போதும் இருக்கும். பனியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அறுந்த கண்ணியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிக் கொடுத்தேன். விரல் மரத்துப்போய்விட்டது. டிரைவர் என் இரண்டு கையையும் தன் கோட்டுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். பிறகு மாலை மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார். திராட்சைச் சாற்றில் முக்கி முக்கிக் காயவைத்த வால்நட் சரம். பார்க்க மெழுகுவத்தி, தின்றால் அத்தனை ருசி. வண்டி மலையேறும்வரை அவர் என்னை முன்சீட்டில்தான் உட்காரவைத்தார்.

அந்த மலை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. பெரிய பெரிய ஓட்டல்கள், பாட்டுச் சத்தம், அகலமான சரிவுகள், கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியில் ஆட்களை மேலே ஏற்றும் புத்தம்புது லிஃப்ட்டுகள். குழந்தைகள் கோழிக்குஞ்சு மாதிரி வரிசையாக வழுக்கிக்கொண்டு போயின. ஒருவேளை, எல்லாம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராவிட்டால், இதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

"இது நல்லாத்தான் இருக்குது பாப்பா."

"இது பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற இடம்ப்பா. எனக்கு இங்க ஒண்ணும் இல்ல."

சொன்ன வேகத்தில் ஒருவர் கட்டுப்பாடில்லாமல் வந்து அவள்மீது மோதி, இருவரும் உருண்டார்கள். அவர் எழுந்து சிரித்துக்கொண்டே போய்விட்டார். மதியம் ரேவதி, எல்லைக்கம்பங்களைத் தாண்டி, யாரும் போகாத பக்கம் இறங்கினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. லிஃப்ட்டிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். இயக்குபவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த இரண்டு நாற்காலிகள் விழுந்தவர் தலைக்குமேல் போன பிறகுதான் சக்கரம் நின்றது. நிறுத்தும் பொத்தான் இயக்குபவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இல்லை. என் ஷாப்பில் அப்படி ஒரு மெஷின் இருந்தால் நான் மின்சாரம் கொடுக்க விட்டிருக்க மாட்டேன். புதுசு என்பதால் நல்லது ஆகிவிடாது. அந்த மலையை நானே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இரண்டாவது மலை மேற்கே, ஒரு நாள் பயணம். லிஃப்ட் கிடையாது. புல்டோசர் மாதிரி பட்டைச் சக்கரம் வைத்த ஒரு வண்டி ஆட்களை உச்சிக்கு ஏற்றிவிடும். மரவீடு ஒன்றில் தங்கினோம். அந்த வீட்டு அம்மாள் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டில் வெள்ளையாக ஒன்றை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களி! நம்முடையது கேழ்வரகு, இது மக்காச்சோளம், அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் பாலாடைக்கட்டித் துண்டுகளைச் செருகியிருந்தார். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிட்டு, குழி பண்ணி, கோழிக் குழம்பைத் தொட்டு மெல்லாமல் விழுங்கினேன். அந்த அம்மாள் கைகொட்டித் தன் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இவரு நம்ம ஆளுன்னு சொல்றாங்கப்பா," என்றாள் ரேவதி. இரண்டாவது உருண்டையும் வந்தது.

மறுநாள்தான் என் மகள் என்ன செய்கிறாள் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை போனில் துண்டு துண்டாகப் பார்த்தது வேறு. எதிர்மேட்டில் என்னை நிறுத்திவிட்டு அவள் உச்சிக்குப் போனாள். சுவர் மாதிரி நிற்கும் சரிவு. உச்சியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது. பிறகு பனி இரண்டாகப் பிரிந்து புகை மாதிரி எழும்ப, அவள் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று அவசரமே இல்லாமல் வந்தாள். ஓரிடத்தில் பாறை. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். பறந்து, சத்தமில்லாமல் இறங்கி, வந்துகொண்டேயிருந்தாள். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவரின் மகன் நான். ஐடிஐ படித்துக் கம்பெனிக்குள் நுழைந்ததே எங்கள் வகையறாவில் பெரிய பேச்சு. இவள் எங்கேயோ போய்விட்டாள். கண்ணில் நீர் வந்து, இமையிலேயே உறைந்து குத்தியது.

"ப்பா, இதுதான்ப்பா. இங்கதான்," என்று மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் பனி.

அந்த இடத்தை நடத்துபவர் நல்ல மனிதர். தோளில் கைபோட்டுக்கொண்டு பேசுவார். "இங்கே எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள்" என்றார்.

"அடிபட்டா?" என்று கேட்டேன்.

"ரோடு திறந்திருந்தால் ஆஸ்பத்திரி நான்கு மணி நேரம்."

"மூடியிருந்தா?"

அவர் ரேவதியைப் பார்த்தார். ரேவதி மலையைப் பார்த்தாள். நான் அங்கேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "மூணாவதையும் பாத்துடலாம்" என்றேன்.

மூன்றாவது இடம் வடக்கே ஓர் உயரமான பள்ளத்தாக்கு. வீட்டுக்கு வீடு பழைய கல் கோபுரம் நிற்கிறது. சாலையில் பசுக்கள்தான் போக்குவரத்துக் காவலர். லிஃப்ட் ஒன்றே ஒன்று, என் வேலை அனுபவத்துக்குச் சமமான வயது இருக்கும். ஆனால் கிரீஸ் புதிதாக இருந்தது. கம்பிவடத்தில் ஆய்வு செய்த இடங்களில் பெயின்ட் குறி இருந்தது. இயக்குபவர் பொத்தான்மேல் கைவைத்தபடியே ஒவ்வொருவரையும் கண்ணைப் பார்த்து ஏற்றினார். அவருக்கு ஒரு மத்லோபா சொன்னேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். கண்ணெதிரே ஒரு பெரிய சரிவு, ஒரு கோடுகூட விழாமல் கிடந்தது. ரேவதி பலகையை மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோட்டுடன் ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் நினோ. அந்த மலையின் பாதுகாப்புக் குழுத் தலைவி. ரேவதியைச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்ததும் அவர்தான்.

"இன்றைக்கு இது மூடியிருக்கிறது," என்றார் நினோ.

"கைதேர்ந்தவர்கள் இறங்கும் சரிவு என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? என்னால் முடியும். இன்னும் இரண்டு நாள்தான் இங்கே இருப்போம்."

"உன்னால் முடியும் என்று தெரியும். சரிவால் முடியாது."

ரேவதியின் முகம் கறுத்தது. நினோ கோபப்படவில்லை. பக்கத்தில் தான் வெட்டியிருந்த ஆளுயரக் குழிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பனிச்சுவரில் ஒரு தூணை ரம்பத்தால் அறுத்து, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, கையால் மெதுவாகத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினான்காவது தட்டுக்கு மேல்பாதி அப்படியே பலகையாக நழுவி என் காலடியில் விழுந்தது. நடுவில் ஓர் அடுக்கு. விரலால் சுரண்டினேன். ரவை மாதிரி பொலபொலவென்று கொட்டியது. அதன்மேல் இத்தனை பாரம் உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஆள் இறங்கினால் போதும், மொத்தச் சரிவும் இப்படியே நழுவி வந்துவிடும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரிசல் விட்ட போல்ட்டின்மேல் பெயின்ட் அடித்தது போல.

ரேவதி பக்கத்துச் சின்னச் சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாளும் வெயில். மறுநாளும் கயிறு. சரிவு சரியவில்லை, ஒரு கையளவு பனிகூட உருளவில்லை. வெளியூர்க்காரர்கள் நான்கு பேர் கயிற்றடியில் நின்று நினோவிடம் சத்தம் போட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்தது வேடிக்கை பார்க்கவா?" என்று அவர்களில் ஒருவர் கத்தியதாக ரேவதி சொன்னாள். நினோ கயிற்றைவிட்டு நகரவில்லை.

மதியம் லிஃப்ட் அடிவாரத்தில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். மண்சட்டியில் மசித்த பயறு வந்தது. நம் மொச்சைக் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம்.

"ரெண்டு நாளா ஒண்ணுமே ஆகலப்பா. நேத்தே இறங்கியிருக்கலாம்," என்றாள் ரேவதி.

எனக்கு ஒரு பழைய கதை நினைவு வந்தது. சொன்னேன். பல வருடம் முன்னால் பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷினின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. லைனை நிறுத்திவிட்டேன். பிரித்துப் பார்க்க அரை நாள். என்ன கோளாறு என்று காட்ட என்னால் முடியவில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார், "என்னா ஆயிருக்கும் சொல்லு?" என்று. அன்றைக்கு ஒருவர் விரலும் போகவில்லை, அவ்வளவுதான். நான் நிறுத்தாவிட்டாலும் போயிருக்காதோ என்னவோ. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. "ஒண்ணும் ஆகலன்னா யாரு பாப்பா நன்றி சொல்லுவாங்க?" என்றேன்.

ரேவதி கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஜப்பான்ல நான் விழுந்தன்ல," என்றாள். "அன்னைக்கும் ஒரு கயிறு கட்டியிருந்துச்சுப்பா. நான் அடியில பூந்து போனேன். எலும்பு உடைஞ்சதுக்காக மூணு வாரம் சொல்லாம இருக்கல. கயித்தத் தாண்டினத எப்பிடிச் சொல்றதுன்னுதான்."

திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது.

"உங்கம்மா என்னை எதுக்கு அனுப்பிச்சா தெரியுமா? மூணும் வேண்டாம்னு சொல்றதுக்கு. நானும் சரின்னு தலையாட்டிட்டுதான் வந்தேன்."

"தெரியும்ப்பா," என்றாள். "சமையல்கட்டு ஜன்னல் தெருப்பக்கம்தான இருக்குது."

இருவரும் சிரித்துவிட்டோம். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, இன்னொரு சட்டி கொண்டுவந்து வைத்தார்.

"இப்ப சொல்லு," என்றாள். "வேண்டாம்னா வேண்டாம். கேக்கறேன்."

"ரெண்டாவது மலையில உன்ன யாரும் தடுக்க மாட்டாங்கன்னான் அந்த ஆளு. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. இங்க தடுத்தாங்க. நீ இங்க இரு."

"அங்க பனி இதவிட நல்லாருக்குதுப்பா."

"இருக்கட்டும்."

ஜன்னல் வழியாக மேலே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். மாதம்மாவிடம் நான் ஆட்டியது போன்ற தலையாட்டல் இல்லை அது.

ஆனால் முடிவு எங்கள் கையில் மட்டும் இல்லை. நேரில் பேசிப் பார்த்த பிறகுதான் உறுதி என்று நினோ எழுதியிருந்தார். சாயங்காலம் நினோவின் அறைக்குப் போனோம். சுவர் முழுக்க வரைபடங்கள், கணப்பின்மேல் கெட்டில். நான் முதலில் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நேற்று மூடினதற்கு நன்றி" என்றேன். அவர் கோப்பைகளை எடுத்துவைப்பதை நிறுத்திவிட்டார். "இந்த வேலையில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை" என்றார். பிறகு ரேவதியைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கு நீ வழிகாட்டி. காசு கொடுத்து வந்தவர்கள் கயிற்றடியில் நின்று கத்துகிறார்கள். என்ன செய்வாய்?"

நல்ல பதிலாக ஒன்று அவளால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. "நான் ஒரு தடவை கயிற்றைத் தாண்டியிருக்கிறேன். இந்தத் தோள்பட்டை எலும்பு அப்போது உடைந்ததுதான். போன வருடம்," என்றாள். போச்சு, சேர்க்க மாட்டார் என்று நினைத்தேன்.

நினோ எழுந்து போய்க் கெட்டிலை இறக்கினார். "டிசம்பர் முதல் வாரம் வந்துவிடு," என்றார். "முதல் மாதம் முழுக்கக் கயிறு கட்டுவதுதான் உன் வேலை."

கடைசி நாள் காலையில், பெரிய சரிவுக்குக் கயிறு அப்படியேதான் இருந்தது. கிழக்கே வேறொரு சரிவைச் சோதித்துத் திறந்திருந்தார்கள். அதுவும் லேசுப்பட்டது இல்லை. நினோவும் ரேவதியும் சேர்ந்து இறங்கினார்கள். நான் அடிவாரத்தில் நின்று, வீடியோ காலில் மாதம்மாவைக் கூப்பிட்டுப் போனை மலைப்பக்கம் திருப்பினேன். நினோ சேர்த்துக்கொண்டதை ராத்திரியே சொல்லியிருந்தேன், அவள் சரி என்று சொல்லவில்லை.

"எங்கங்க அவ?"

"மேல. அந்தப் புள்ளி."

புள்ளி கோடாகி, கோடு ஆளாகி வந்தது. ரேவதி எங்கள்முன் வந்து பனியைத் தெறிக்கவிட்டு நின்ற பிறகு, "அந்தச் சேப்புக் கோட்டு அம்மாகிட்ட போனக் குடுங்க" என்றாள் மாதம்மா.

நினோ கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார். மாதம்மா தமிழிலேயே பேசினாள். ஒத்தப் பொண்ணு என்றாள். பிடிவாதக்காரி, ஆனா நெஞ்சுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா என்றாள். தப்புப் பண்ணினா திட்டுங்க, எங்களக் கேக்க வேண்டாம் என்றாள். ரேவதி மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோது நினோ கையமர்த்திவிட்டார். முழுவதையும் கேட்டு முடித்து, தன் மொழியில், தாழ்ந்த குரலில், கொஞ்ச நேரம் பேசினார். போன் என்னிடம் வந்தது.

"அந்தம்மா என்னா சொல்லுச்சுன்னு ஒரு எழுத்துப் புரியலிங்க," என்றாள் மாதம்மா. "ஆனா நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசல. கண்ண எடுக்கல."

"அதனால?"

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அவ போகட்டும்ங்க," என்றாள்.

போனில் அதைக் கேட்ட ரேவதி பலகையைக் கழற்றாமலேயே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.